ஐந்தாவது தேவாலயம்

பெரிய வியாழன் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. ஈஸ்டருக்கு முன் வரும் வியாழன் அது. இத்தாலியின் பலேர்மோவில் மற்றவர்களுக்கு நல்ல நாள். மாலையானால் ஊரே தெருவில் இறங்கித் தேவாலயம் தேவாலயமாக நடக்கும். நானும் பல வருடம் நடந்தேன். கடைசியாக நடந்த வருடம் என்னை முட்டாளாக்கினார்கள். ஆக்கியவர்கள் வெளியாட்கள் இல்லை. என் மனைவி, என் மகள், நான் வேலை செய்த வீட்டு அம்மா. மூன்று பேருக்கும் நான் என் கையால் சமைத்துப் போட்டிருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தான், சைவக்காரன். இந்த ஊருக்கு வந்த நாள் முதல் வீட்டு வேலைதான். பல வீடுகள் மாறி, கடைசியில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் நிலைத்தேன். சிஞ்ஞோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருடைய கணவர் துறைமுகத்தில் பெரிய பதவியில் இருந்து இறந்தவர். பிள்ளைகள் இல்லை. சமையல், கடை, மருந்து, குளிக்கத் தண்ணீர் பிடித்து வைப்பது, கால் நகம் வெட்டுவது எல்லாம் நான். என்னை "மகனே" என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அது பிடித்திருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

சிஞ்ஞோராவுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று உதைபந்தாட்டம், மற்றது பழைய தேவாலயங்கள். வாரத்தில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உடுத்திக்கொண்டு நிற்பார். முதலில் என் கையைப் பிடித்து நடந்தார். முழங்கால் போன பிறகு சக்கர நாற்காலி. இந்த ஊர்த் தெருக்களில் கருங்கல் பாவியிருக்கிறார்கள். அதன் மேல் அந்த நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவனுக்குத்தான் பக்தி என்றால் என்னவென்று தெரியும்.

முதல் முறை அவரோடு போனபோது வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். சாமி இருக்கும் இடத்துக்குச் சப்பாத்தோடு போக எனக்குக் கால் எழவில்லை. திரும்பி வந்தால் சப்பாத்தைக் காணவில்லை. வாங்கி ஒரு கிழமைகூட ஆகாத சப்பாத்து. சிஞ்ஞோரா படியில் நின்று சிரித்த சிரிப்பில் புறாக்கள் எழும்பிப் பறந்தன. அவர் இத்தாலிய மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"மகனே, கடவுள் உள்ளுக்கு இருக்கிறார். கள்ளன் வெளியிலை நிக்கிறான். ரெண்டு பேரையும் யோசிச்சு நட."

அப்படித்தான் இந்த ஊர்க் கோவில்களை எனக்குக் காட்டினார். காசா ப்ரொஃபெஸ்ஸா என்று ஒன்று. சுவர், தூண், கூரை எல்லாம் நிறக் கல் பதித்துப் பூவும் பழமும் பறவையும். உள்ளங்கை அகலத்துக்கு வெறும் சுவர் கிடையாது. இதையெல்லாம் துடைப்பவனை நினைத்து எனக்குத் தலை சுற்றியது. மர்த்தொரானாவில் மேலே பார்த்தால் முழுக்கத் தங்கம். பக்கத்திலேயே சான் கத்தால்தோ, வெளியில் மூன்று சிவப்புக் குவிமாடம், உள்ளே வெறும் கல். ஒரு படம்கூட இல்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். அங்கே நின்றால் வாய் தானாக நமச்சிவாய சொல்லும். சொல்லுவேன். சிஞ்ஞோரா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

பேராலயத்தின் தெற்கு வாசலில் ஒரு தூண் நிற்கிறது. அதில் அரபு எழுத்து வெட்டியிருக்கிறது. அந்த இடம் ஒரு காலத்தில் பள்ளிவாசல், அதற்கும் முன்னர் வேறொரு தேவாலயம். பிறகு வந்தவர்கள் அந்தத் தூணை எறியாமல் தங்கள் வாசலில் நட்டார்கள் என்று சிஞ்ஞோரா சொன்னார். "பாத்தியா, இந்த ஊர் ஒருத்தரையும் வெளியிலை விடாது" என்றார். நான் நம்பினேன். ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த சொந்தக்காரர்களை அந்தத் தூணுக்கு முன் நிறுத்திப் படம் எடுத்து, அந்த வசனத்தை நானும் சொல்லியிருக்கிறேன்.

பெரிய வியாழன் வழக்கம் இதுதான். மாலைப் பூசை முடிந்ததும் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு பக்கப் பீடத்தைப் பூவாலும் மெழுகுதிரியாலும் சோடித்து, நற்கருணை அப்பத்தை அதில் வைப்பார்கள். சனங்கள் கோவில் கோவிலாகப் போய் அதைக் கும்பிடுவார்கள். பீடத்துக்கு முன்னால் தட்டுத் தட்டாகக் கோதுமை முளை வைத்திருக்கும். இருட்டில் வளர்த்ததால் பச்சை பிடிக்காமல் வெள்ளையாக, மெல்லிசாக நிற்கும். முதல் வருடம் அதைப் பார்த்தவுடன் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. நவராத்திரிக்குக் கும்பம் வைக்கும்போது நாங்களும் இப்படித்தானே நவதானியம் முளைக்கப் போடுகிறோம். இவர்கள் எங்கள் ஆட்கள்தான், சாமிக்குப் பெயர்தான் வேறு என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் மனைவிக்கும் சின்னவளாக இருந்த மகளுக்கும் அதை ஆயிரம் முறை சொன்னேன்.

ஒரு கண்டிப்பு உண்டு. போகும் தேவாலயங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். மூன்று, ஐந்து, ஏழு. இரட்டையில் நிறுத்தக் கூடாது. சிஞ்ஞோரா இந்த விஷயத்தில் எங்கள் ஐயரை விட மோசம். ஒரு வருடம் காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு என்னை ஐந்தாவதுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நான் கடைசியாக நடந்த அந்த வருடம் நான்கு முடித்திருந்தோம். நான்காவது வாசலில் சிஞ்ஞோரா கையுறையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "போதும். வீட்டை போவம்."

"நாலிலை நிப்பாட்டக் கூடாது, சிஞ்ஞோரா."

"குளிருது."

"சால்வை கொண்டந்தனான். இந்தாங்கோ."

"ஒரு வருசம் நாலிலை நிப்பாட்டினா கடவுள் கோவிக்கமாட்டார்."

"கடவுள் கோவிக்கமாட்டார். நீங்கள்தான் வீட்டை போய் நித்திரை கொள்ளாமல் என்னைக் கரைச்சல் படுத்துவியள்."

அவர் சிரிக்கவில்லை. அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. போகும் வழியில், சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. அதன் பெயர் இங்கே வேண்டாம். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க என் மகள் இரண்டு வருடமாகப் போய்வந்த இடம் அது. அவளுக்கு அப்போது இருபது வயது, தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஐந்தாவதை முடித்துவிட்டு, அன்றும் அங்கே போயிருந்த அவளையும் கூட்டிக்கொண்டு, சிஞ்ஞோராவை வீட்டில் விட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். நாற்காலியைத் திருப்பித் தள்ளினேன். 

அங்கே பூசை பிந்தித் தொடங்கியிருந்தது, இன்னும் முடியவில்லை. உள்ளே நிற்க இடமில்லை. சக்கர நாற்காலியைக் கண்டு சனங்கள் விலகி வழிவிட்டார்கள். முன்னால் போனோம். பீடத்துக்குக் கீழே கதிரைகள் போட்டுப் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு கால் வெறும் கால். சுவாமியார் இடுப்பில் துவாய் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் முழந்தாளில் இருந்து கால் கழுவினார். வயதானவர். ஒவ்வொரு முறையும் எழும்பும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

மூன்றாவதாக என் மகள் இருந்தாள்.

ஜீன்ஸை மடித்துவிட்டு, காலுறையைச் சுருட்டிச் சப்பாத்துக்குள் செருகி வைத்திருந்தாள். சுவாமியார் அவள் முன்னால் முழந்தாளிட்டார். அவள் காலைக் கையில் ஏந்தினார், தண்ணீர் ஊற்றினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார்.

எனக்கு என்ன தோன்றியது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவிய நினைவு அது என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் வழக்கத்தில் யாருடைய காலைக் கழுவுகிறார்கள்? குருவின் காலை. கலியாணத்தில் மாப்பிள்ளையின் காலை. கால் கழுவப்படுகிறவர் பெரியவர், கழுவுகிறவர் கீழே. இருபது வருடமாக நான் இந்த ஊரின் தரையைத் துடைக்கிறேன். மனைவி அலுவலகங்களில் கழிவறை கழுவுகிறாள். எங்கள் பிள்ளையின் காலை இவர்களுடைய குருவானவர் ஊர் பார்க்கக் கழுவி முத்தமிடுகிறார். நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை, அதற்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்தேன். கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கிழவனிடம் "அது என்ரை மகள்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டினான். போனில் வீடியோ எடுத்து, அண்ணன் தம்பிகள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "பலேர்மோவில் எங்கள் பிள்ளைக்குப் பாதபூசை" என்று எழுதினேன்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனின் குரல்பதிவு உடனே வந்தது. போனைக் காதோடு வைத்துக் கேட்டேன்.

"என்னடாப்பா, பெட்டை வேதத்துக்கு மாறிட்டாளோ?"

வேதம் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கிறிஸ்தவம். எனக்குக் கோபம் வந்தது. வாசல் பக்கம் போய்ப் பதில் பேசினேன்: "விசர்க்கதை கதையாதை அண்ணை. இது மரியாதைக்குச் செய்யிறது. உனக்கு இஞ்சத்தைய வழக்கம் தெரியாது."

பூசை முடிந்தது. மகள் என்னைக் கண்டாள். வரவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரோடு பக்கத்து அறைக்குள் போய்விட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பசி என்று நினைத்தேன். அப்போது ஒரு பருத்த பெண்மணி, கையில் பாட்டுப் புத்தகக் கட்டோடு என்னிடம் ஓடி வந்தார். மகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடம், படிப்பித்தவர் என்று பிறகு தெரிந்தது. என் இரண்டு கையையும் பிடித்தார்.

"நீங்கள்தான் தகப்பனா! கடைசியிலை கண்டிட்டன். சனிக்கிழமை முன்வரிசையிலை உங்களுக்கு இடம் வைச்சிருக்கிறன். தாய்க்கும் உங்களுக்கும். ஞானத்தாய்க்குப் பக்கத்திலை."

"சனிக்கிழமை என்ன?" என்றேன்.

அவர் சிரித்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "என்ன எண்டோ? ஞானஸ்நானம்!" என்றார். சொல்லிவிட்டுச் சிஞ்ஞோராவின் தோளில் கை வைத்தார். "இவதான் ஞானத்தாய். இதைவிட நல்ல ஆள் கிடைக்குமோ?"

ஞானஸ்நானத்தில் தாய் மாதிரிப் பக்கத்தில் நிற்பவர்தான் ஞானத்தாய். நான் சிஞ்ஞோராவைப் பார்த்தேன். அவர் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாற்காலியை வேகமாகத் தள்ளினேன். சந்தைத் தெருவில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றார்கள். ஒவ்வொரு கல்லிலும் நாற்காலி துள்ளியது. வழக்கமாகப் பார்த்துப் பார்த்துத் தள்ளுவேன். அன்று பார்க்கவில்லை.

"கோவமா?" என்று கேட்டார்.

"இல்லை, சிஞ்ஞோரா."

"முதுகு நோகுது, கொஞ்சம் மெதுவா."

மெதுவாகத் தள்ளினேன். மருந்து கொடுத்தேன், படுக்க வைத்தேன், விளக்கை அணைத்தேன். என் வேலை அது.

என் வீட்டில் மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"சனிக்கிழமை என்ன நடக்குது?"

கத்தி நின்றது. அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"உமக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப தொடக்கம்?"

"போன மாரி தொடக்கம்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் கத்துவியள்."

"கத்துவன்தான்!"

"பாத்தியளே, இப்பவும் கத்துறியள்."

"இப்ப கத்தாமல் வேறை எப்ப கத்துறது? சனிக்கிழமை முடிஞ்ச பிறகோ?"

"முடிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டுதான் இருந்தனாங்கள்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள். அதனால்தான் மாதக் கணக்கில் பேசாமலே இருந்திருக்கிறாள்.

கத்துவேன். என் குணம் அது. கத்திவிட்டு அரை மணித்தியாலத்தில் தேத்தண்ணி கேட்பவன் நான். மழைத்தண்ணீர் ஒழுகும் கூரையைத் திருத்தித் தராத வீட்டுக்காரனிடம் கத்தினேன். பள்ளிக்கூடத்தில் என் மகளின் நிறத்தைப் பழித்த பையனின் தகப்பனிடம், அவனுடைய கடை வாசலில் நின்று கத்தினேன். அப்போதெல்லாம் என் சத்தம் இவர்களுக்குத் தேவைப்பட்டது. அப்போது யாரும் "அப்பா கத்துவார்" என்று என்னிடம் எதையும் ஒளிக்கவில்லை. ஓடி வந்து சொன்னார்கள்.

மகள் வந்தாள். கதவடியிலேயே நின்றாள்.

"அப்பா..."

"வா. இரு. பெரியப்பாவுக்கு வீடியோ அனுப்பினனான், தெரியுமோ? பாதபூசை எண்டு எழுதினனான். முழுக் குடும்பமும் பாத்திட்டுது. உன்ரை தேப்பன் ஒரு கோமாளி எண்டு கனடா வரைக்கும் தெரிஞ்சு போச்சு."

"நான் அனுப்பச் சொல்லேல்லை."

"நீ ஒண்டுமே சொல்லேல்லை. அதுதான் பிரச்சினை."

அவள் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னுடையது.

"நீங்கள்தானே என்னை எல்லாக் கோவிலுக்கும் கூட்டிக்கொண்டு போனனீங்கள்? எனக்குச் சுகமில்லை எண்டு சந்தா ரொசாலியாவின்ரை மலைக்கோவிலுக்கு வெறும் காலோடை தூக்கிக்கொண்டு ஏறினது ஆர்? எல்லாம் ஒரே சாமி எண்டு சொன்னது ஆர்?"

"நான்தான். இப்பவும் சொல்லுவன். பக்கத்து வீட்டிலை போய்ச் சாப்பிடுறது வேறை. அந்த வீட்டுக்குப் பிள்ளையாப் போறது வேறை."

"அங்கை எனக்கு விளங்குது, அப்பா. எங்கடை கோவில்லை ஐயர் சொல்லுறது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. உங்களைக் கேட்டா நீங்களும் சொல்லேல்லை."

"எனக்கும்தான் விளங்கேல்லை. விளங்கினாத்தானோ கும்பிடுறது?"

அவளுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. மனைவிக்கும் வந்தது. எனக்கு வரவில்லை.

"சரி" என்றாள் மகள். கண்ணைத் துடைத்தாள். "பிழைதான். இப்ப கேக்கிறன். அப்பா, நான் ஞானஸ்நானம் எடுக்கட்டே?"

"இது கேக்கிறது இல்லை, பிள்ளை. இது சொல்லுறது. கேக்கிறதெண்டா நான் இல்லை எண்டு சொல்லவும் இடம் இருக்கவேணும்."

"இல்லை எண்டு சொல்லுவியளோ?"

"தெரியாது. யோசிக்க எனக்கு நீ நேரம் தரேல்லை. உன்ரை அம்மாவுக்கு மாரி முழுக்க நேரம் குடுத்தனி. எனக்கு ரெண்டு நாள்."

பிறகு நான் ஒன்று கேட்டேன். அன்றும் அதைத்தான் கேட்டேன், இன்றும் அதைத்தான் கேட்பேன். "அடுத்த வருசம் செய். இந்த ஒரு வருசம் நான் விசயம் தெரிஞ்சவனா இருக்கிறன். கத்துறன், சண்டை பிடிக்கிறன், பிறகு உன்ரை கையைப் பிடிச்சு நானே கூட்டிக்கொண்டு போறன். முன்வரிசையிலை இருக்கிறன். ஒரு வருசம்."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் வெங்காயத்தைப் பார்த்தாள்.

"ஏலாது, அப்பா. எல்லாரிட்டையும் சொல்லியாச்சு."

எல்லோரிடமும் சொல்லியாச்சு. அந்த எல்லோரில் நான் இல்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. ஊர்வலம் சிஞ்ஞோரா வீட்டு மாடத்துக்குக் கீழே போகும். வழக்கம்போல நாற்காலியை மாடத்துக்குத் தள்ளினேன். கீழே மேளமும் ஊதுகுழலும், கறுப்பு உடுத்த பெண்கள். சிஞ்ஞோரா கீழே பார்க்கவில்லை.

"நான் ஒவ்வொரு கிழமையும் அவளுக்குச் சொன்னனான், தேப்பனிட்டைச் சொல்லு எண்டு."

"அவள் சொல்லேல்லை எண்டு தெரியும்தானே. நீங்கள் சொல்லியிருக்கலாம்."

"அது அவளின்ரை விசயம், மகனே. நான் எப்பிடி..."

"சிஞ்ஞோரா, உங்கடை கால் நகம் வெட்டுறவன் நான். உங்களுக்கு வயித்தாலை போனாலும் எனக்குத்தான் முதல் தெரியும். உங்களிட்டை எனக்குத் தெரியாதது ஒண்டுமில்லை. என்ரை வீட்டு விசயம் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. என்னை மகன் எண்டு கூப்பிடாதையுங்கோ."

 "எனக்குப் பிள்ளை இல்லை" என்றார். "ஞானத்தாயா இருக்கிறியளோ எண்டு அவள் வந்து கேட்டாள். என்னட்டை அப்பிடி ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை. என்னாலை இல்லை எண்டு சொல்ல முடியேல்லை."

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. விளங்கினால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? எனக்குப் போகவில்லை. அந்த மாதம் முடிய அந்த வீட்டு வேலையை விட்டேன். எனக்குப் பதிலாக ஒரு மொரீசியஸ் பெண்ணைப் பிடித்துக் கொடுத்து, மருந்தெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது ஊரோரக் கடற்கரையில், ஸ்ஃபெர்ராகவால்லோவில், ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் கழுவுகிறேன். மீன் யாரையும் மகனே என்று கூப்பிடாது.

பேராலயத்துத் தூணைப் பற்றியும் அந்த நாட்களில்தான் யோசித்தேன். வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி அதன் முன்னால் நின்றேன். இந்த ஊர் ஒருத்தரையும் வெளியிலை விடாது என்று சொன்னாரே. தூணை வைத்துக்கொண்டார்கள், உண்மைதான். பள்ளிவாசல் எங்கே? அதற்கு முந்தின கோவில்தான் எங்கே? பக்கத்தில் ஒரு வழிகாட்டி, உல்லாசப் பயணிகளுக்கு அதே தூணைக் காட்டி அதே மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

ஞானஸ்நானம் நடந்த அந்தச் சனிக்கிழமை காலையில் தமிழ்க் கடைக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னமே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

"அண்ணை, நாளைக்கு உங்கடை வீட்டிலை கேக் வெட்டாம்?" என்றான் கடைக்காரன்.

"உன்ரை மகன் களவாய்க் கார் ஓடி இடிச்சதுக்கு நான் கேக் கேட்டனானோ? கறித்தூளை நிறு" என்றேன்.

அன்று மாலை மனைவியும் மகளும் வெளிக்கிட்டார்கள். வெள்ளை உடுப்பை நெகிழிப் பையில் போட்டு, கசங்காமல் கையில் ஏந்தியிருந்தாள் மகள். நான் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். அவள் வந்து முன்னால் நின்றாள். திரையை மறைத்தாள்.

"வாறியளோ, அப்பா?"

"இல்லை."

"வாசல் மட்டும்?"

"இல்லை, பிள்ளை."

நின்றாள். காத்திருந்தாள். நானும் மாறவில்லை. போனார்கள். போயிருக்கலாம் என்று என் தங்கச்சி போனில் சொன்னாள். மன்னித்திருக்கலாம் என்று அண்ணன்கூடச் சொன்னான். அவனுக்கு அங்கே குளிருக்குள் இருந்துகொண்டு எல்லாம் சுலபம். நான் போகாதது மதத்துக்காக இல்லை. அவள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் என் பிள்ளைதான். முன்வரிசையில் எனக்கு இடம் வைத்திருந்தார்களே, அந்த இடம் எல்லாம் தெரிந்த ஒரு தகப்பனுக்கு வைத்த இடம். அப்படி ஒரு தகப்பன் அந்த வீட்டில் இருக்கவில்லை. இல்லாத ஒருவனாக நான் ஏன் போய் உட்கார வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை நான்தான் சமைப்பேன். உயிர்த்த ஞாயிறு என்றாலும் அதுவும் ஞாயிறுதானே. ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன், சொதி வைத்தேன். மூன்று பேரும் மேசையில் இருந்தோம். மகள் குனிந்து எனக்குச் சோறு போட்டபோது அவள் நெற்றிப் பக்கத்திலிருந்து ஏதோ வாசனை எண்ணெய் மணத்தது, ஞானஸ்நானத்தில் பூசியதாக இருக்கும். நல்ல மணம். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மனைவி உப்புக் கூடிவிட்டது என்றாள். கூடவில்லை, யாராவது ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகச் சொன்னாள்.

பாதிச் சாப்பாட்டில் மகள் கையை நிறுத்தினாள்.

"அப்பா, ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லு."

"இனிமேல் என்னெண்டாலும் முதல் உங்களிட்டைத்தான் சொல்லுவன். சத்தியமா. அம்மாவுக்கும் முதல்."

 ஒரு துண்டு இறைச்சியை எடுத்து அவள் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். கொஞ்சம் பகிடியாகத்தான் கேட்டேன்: "இனி என்ன இருக்குச் சொல்ல? கலியாணமோ?"

அவள் தாயைப் பார்த்தாள். தாய் சொதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

"இரும்" என்றேன் மனைவியிடம். அவள் இருந்தாள்.

கையைக் கழுவிவிட்டு வந்தேன். கதிரையை மகளுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன். கத்தமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.